அட்டையில் என் அம்மாயியின் பெயர் எங்கே?

கண்காட்சிக் குழுவினருக்கும் அதன் அறங்காவலர்களுக்கும்,

உங்கள் பதில் போன வாரம் வந்தது. காலனிய காலத்துத் தாவரங்களைப் பற்றிச் சென்னையில் நீங்கள் நடத்திய கண்காட்சியில், தேயிலை அறையின் அட்டையில் "பெயர் அறியப்படாத தோட்டத் தொழிலாளி, பெண், வயது சுமார் 75, நீலகிரி" என்று இருப்பதை மாற்ற முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். விவரநூல் அச்சாகிவிட்டதாம். இதே பொருள்கள் இதே அட்டையோடு அடுத்து ஐரோப்பிய நகரம் ஒன்றுக்குப் போகின்றனவாம். பெயரை விட்டது மறதியால் நேர்ந்ததல்ல, யோசித்து எடுத்த கலை முடிவு என்றும், "பெயரின்மை ஒரு கூட்டு நினைவைச் சுட்டுகிறது" என்றும் விளக்கம் வேறு தந்திருக்கிறீர்கள்.

அந்தக் கூடை என் அம்மாயியுடையது, என் அம்மாவைப் பெற்றவருடையது. கொழுந்து கிள்ளும் மட்டம் பார்க்கச் செடிமேல் வைக்கிற மட்டக்கம்பு அவருடையது. ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்ப ஓடுகிற குரல் அவருடையது. அவர் பெயர் உங்களுக்குத் தெரியும். நீங்கள் கொண்டுவந்த இரவல் பத்திரத்தில் மூன்று இடத்தில் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். உங்கள் குழுவினர் இரண்டு நாள் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அவர் ஊற்றிக் கொடுத்த சாயத்தண்ணியை, பால் இல்லாத டீயை, குடித்துக்கொண்டே அவர் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். தெரிந்த பெயரை "அறியப்படாத" என்று எழுதுவதற்குக் கலை முடிவு என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அது பொய்.

அவர் பெயரை இந்த மடலில் நான் எழுதப்போவதில்லை. "மொதல்ல அங்க எழுதட்டும் தாயி, அப்பறம் நீ எழுது" என்று சொல்லிவிட்டார். அதனால் இங்கே அவர் அம்மாயி மட்டும்தான்.

அவரைக் கண்காட்சிக்குக் கூட்டிவந்தது நான். திறப்பு விழாவுக்கு எங்களுக்கு அழைப்பு வரவில்லை. நான் வேலை பார்க்கும் பள்ளிக்கு விடுமுறை விட்டதும் கூடலூரில் ராத்திரி பஸ் ஏறி வந்தோம். நல்ல சேலை ஒன்றை மடித்துத் தனிப்பையில் வைத்திருந்தார். சென்னையில் உறவினர் வீட்டில் குளித்துவிட்டு அதைக் கட்டிக்கொண்டு, "கூடைய எங்க வச்சிருப்பாங்க, நடுவுலயா?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தார்.

அறைக்குள் நுழைந்ததும் அவர் கண் கூடையிடம் போகவில்லை. கண்ணாடித் தொட்டிகளில் நின்ற மூன்று தேயிலைச் செடிகளிடம் போனது. இலையின் ஓரம் கருகிச் சுருண்டிருந்தது. கொழுந்து இருக்க வேண்டிய நுனிகள் கறுத்துக் குச்சியாகிவிட்டிருந்தன. தொட்டி மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். காவலுக்கு நின்ற பையன் ஓடிவந்து, "பாட்டி, தொடக் கூடாது, அது ஆர்ட்" என்றான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. அவனுக்கு இட்ட வேலையை அவன் செய்தான்.

"ஏன் தம்பி, இதுக்குத் தண்ணி ஊத்த மாட்டாங்களா?"

"அது காயணுமாம் பாட்டி."

அம்மாயி பாட்டிலை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதன்பிறகு எதையும் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே மீதி அறையைப் பார்த்தார். கூடை சுவரில் ஓர் ஆணியில் கவிழ்ந்து தொங்கியது. நெற்றிக்கு மேலே மண்டையில் ஏற்ற வேண்டிய தலைக்கயிற்றைத் தோள்பை வார் மாதிரி மாட்டியிருந்தீர்கள். "கவுத்து வச்சா கொழுந்து கொட்டிப்போவுமே" என்று மெதுவாகச் சொன்னார். ஒலிபெருக்கியின் கீழே நின்று தன் குரலை ஒரு சுற்று கேட்டார். இரண்டாவது சுற்றும் கேட்டார். "மத்ததெல்லாம் எங்க?" என்றார். அந்தக் கேள்விக்குப் பின்னால் வருகிறேன்.

அட்டை ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. அம்மாயி தமிழ் நன்றாகப் படிப்பார், பேப்பரில் ஒரு வரி விடமாட்டார். சென்னையில், தமிழ்ப் பெண்ணின் கூடைக்கு மேலே, ஒரு வரித் தமிழ் இல்லை. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். நான் படித்துச் சொன்னேன். "பேரு தெரியாதுன்னா போட்டிருக்கு? கேட்டாங்களே. சொன்னேனே." திரும்பிப் போகும்போது பஸ்ஸில் அவர் பேசவில்லை.

பெயரின்மை கூட்டு நினைவைச் சுட்டுகிறது என்கிறீர்களே, அதே அட்டையின் மேல்வரியைப் பாருங்கள். கமேலியா சைனென்சிஸ், அடைப்புக்குறிக்குள் எல்., அதற்குப் பின்னால் கூன்ட்சே. நான் தாவரவியல் படித்தவள், பாடம் நடத்துகிறவள். இந்த வழக்கம் எனக்குத் தெரியும். எல். என்றால் லின்னேயஸ். ஓட்டோ கூன்ட்சே 19ஆம் நூற்றாண்டு ஜெர்மானியத் தாவரவியலாளர், இச்செடியை இன்றைய பெயருக்குக் கீழே கொண்டுவந்தவர். ஒரு செடிக்குப் பெயர் வைத்தவர்களையும் அந்தப் பெயரை மாற்றியவரையும் ஒரே வரிக்குள் அடக்கி நன்றி சொல்ல உங்கள் அட்டையில் இடம் இருந்தது. சுவரில் படைத்தவரின் பெயர், புகைப்படம் எடுத்தவரின் பெயர், ஒலியமைத்தவரின் பெயர், பணம் கொடுத்தவர்களின் பெயர் எல்லாம் இருந்தன. கூட்டு நினைவாகக் கரைந்துபோக வேண்டியவர் கூடை சுமந்தவர் ஒருவர்தானா?

உங்கள் கண்காட்சியிலேயே இதற்குப் பதில் இருந்தது என்பதுதான் எனக்கு ஆறவில்லை. சின்கோனா அறையைச் சொல்கிறேன், மலேரியாவுக்கு மருந்தான குயினைனைப் பட்டையில் தரும் மரம் அது. அந்த அறையை நான் மனதார மதிக்கிறேன். 1860இல் ஆங்கிலேயரான கிளெமென்ட்ஸ் மார்க்கம் அதைத் தேடித் தென்னமெரிக்காவுக்குப் போனதும், அங்கிருந்து வந்த விதையும் நாற்றும் ஊட்டித் தோட்டத்தில் அதன் கண்காணிப்பாளர் மக்கைவர் கையில் வளர்ந்து தொட்டபெட்டாவுக்கும் நடுவட்டத்துக்கும் போனதும் அங்கே தெளிவாக இருந்தன. நடுவட்டம் எங்கள் ஊருக்கு மேலே, ஊட்டி போகிற வழியில் இருக்கிறது. மலேயாப் பக்கத்துத் தீவாந்தரக் குடியேற்றங்களிலிருந்து கொண்டுவந்த சீனக் கைதிகளை அங்கே சிறை வைத்துச் சின்கோனாத் தோட்டத்தில் வேலை வாங்கினார்கள். அந்தச் சிறைக் கட்டடத்துக்கு என் மாணவர்களைக் கூட்டிப்போயிருக்கிறேன். நான் பாடமாகச் சொன்னதை நீங்கள் ஓர் அறையாகக் கட்டியிருந்தீர்கள்.

அந்த அறையின் பெரிய சுவரில், ஆள் உயரத்துக்கு, ஒரே ஒரு பெயர்: மனுவெல் இன்க்ரா மமானி. பொலிவியக் காட்டில் எந்த மரத்தின் பட்டையில் குயினைன் செறிந்திருக்கும் என்று பார்த்தே சொல்லத் தெரிந்த மனிதர். சார்லஸ் லெட்ஜர் என்ற ஆங்கில வணிகருக்காக விதை சேர்த்துக் கொடுத்தார். விதை 1865இல் கைமாறி டச்சுக்காரரிடம் போய், ஜாவாத் தீவு உலகத்துக்கே குயினைன் கொடுத்தது. மமானி சிறையில் அடிபட்டுச் செத்தார். மரத்துக்கு லெட்ஜர் பெயரை வைத்தார்கள். இந்த அநியாயத்தைச் சுவர் முழுக்க எழுதியவர்கள் நீங்கள். அதற்குப் பத்தடி தள்ளி, கதவைத் தாண்டினால், "பெயர் அறியப்படாத தோட்டத் தொழிலாளி". எழுதிய கை ஒன்றுதானே? எழுதும்போது ஒருவருக்குக்கூட உறுத்தவில்லையா?

காலனிய காலத்துப் புத்தகக்காரர்கள்கூட எல்லாரும் இப்படிச் செய்துவிடவில்லை. மலபாரில் டச்சுக் கம்பெனியின் ஆட்சியாளராக இருந்த வான் ரீட், "ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ்" என்ற தாவர நூலை 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்டார். அதில் உள்ள மருத்துவ அறிவில் பெரும்பங்கு இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியருடையது. அவர் பெயர் அந்த நூலில் இருக்கிறது. மலையாளத்தின் பழைய எழுத்துமுறையான கோலெழுத்தில் அவர் எழுதிய சான்றுரை, அந்த எழுத்திலேயே, முதல் தொகுதியில் அச்சாகியிருக்கிறது. ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் பெயர்களும் உண்டு. வான் ரீட் நல்லவர் என்று சொல்ல வரவில்லை. அவர் வணிகத்துக்கும் போருக்கும் வந்தவர். ஆனால் யாரிடமிருந்து தெரிந்துகொண்டார் என்பதை மறைக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் செடிகளை வகைப்படுத்திய ராபர்ட் வைட், தனக்குப் படம் வரைந்த கோவிந்துவின் பெயரால் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே கோவிந்தூயியா என்று பெயர் வைத்தார். கம்பெனி உத்தியோகஸ்தருக்கு இருந்த அந்தக் குறைந்தபட்ச மரியாதை, காலனியத்தைக் கேள்வி கேட்கிறோம் என்று வந்த உங்களிடம் இருக்க வேண்டாமா?

உங்கள் அட்டை எனக்கு நினைவூட்டுவது வேறொருவரை. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன். அவர் எங்கள் மலைக்கும் வந்தார். நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையிலான சரிவில், தோட்ட வேலைக்குக் கொண்டுவரப்பட்ட சீனர்களும் தமிழ்ப் பெண்களும் குடும்பமாகி, காய்கறியும் காப்பியும் போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தார். பார்த்து, அவர்கள் மூக்கை அளந்து எழுதிக்கொண்டார். பெண், சுமார் 75, நீலகிரி. இதைப் படிக்கும்போது அளவுகோலின் அந்தச் சில்லிப்பு எனக்குத் தெரிகிறது.

இனி செடிகளுக்கு வருகிறேன். அந்த மூன்றும் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஐந்து சென்ட்டில் அம்மாயி 1981இல் சொந்தக் கையால் குழி எடுத்து நட்டவை. கேட்டதும் கொடுத்தார், காசு வாங்கவில்லை. கொடுக்கும்போது தெளிவாகச் சொன்னார், நான் பக்கத்தில் நின்றேன். முதலில் கவாத்து வெட்டுங்கள், இலைப் பாரம் குறையட்டும். ஒரு மாதம் விடுங்கள். பிறகு மழை தொடங்கியதும் மண்கட்டியோடு எடுங்கள். ஆணிவேர் அறுந்தால் பிழைக்காது. நாற்பது வருசத்துச் செடி, மட்டம் வெட்டி வெட்டி இடுப்பளவில் நிற்கிறதே தவிர உள்ளுக்குள் அது மரம். இதையெல்லாம் கேட்டுக்கொண்ட உங்கள் ஆட்கள், இலையோடு இருந்தால்தான் பார்வைக்கு நன்றாக இருக்கும் என்று கவாத்து வேண்டாம் என்றார்கள். மார்ச் மாத வெயிலில் கடப்பாரை போட்டு நெம்பினார்கள். வேர் அறுந்த சத்தம் எங்கள் அடுப்படி வரை கேட்டது. தேயிலைக்குப் புளிப்பு மண் வேண்டும், ஈரக் காற்று வேண்டும். நீங்கள் வைத்தது ஏசி அறையில், விளக்கு வெளிச்சத்தில், செங்கல் நிறத்துக்காகக் கொண்டுவந்த வேறு ஏதோ மண்ணில்.

இதற்கும் விளக்கம் எழுதியிருக்கிறீர்கள்: "வாடுதலும் படைப்பின் ஒரு பகுதி." வாடுதலைப் படைப்பாக்கியவர்களை எனக்குத் தெரியும். கப்வானி கிவாங்கா என்ற கலைஞர் ஆப்பிரிக்க நாடுகளின் சுதந்திர விழாப் படங்களில் மேசை மேல் இருந்த பூங்கொத்துகளைத் தேடி, அதே பூக்களால் திரும்பக் கட்டி வைத்து, கண்காட்சி நடக்கும் நாளெல்லாம் அவற்றை வாட விடுகிறார். அங்கே பூ வாடும்போது அந்தச் சுதந்திர நாளும் அதன் வாக்குறுதிகளும் நம் கண்முன் வாடுகின்றன. கொய்த பூ எப்படியும் வாடும். கலைஞர் அதைப் பார்க்க நம்மை நிறுத்துகிறார். நீங்கள் செய்தது, ஒருவர் வளர்த்த உயிரை, அவர் சொன்ன பக்குவத்தைக் கேட்காமல் பிடுங்கி வந்து, செத்த பிறகு அதற்கு ஒரு வாசகம் தேடியது. சூழல் நீதி என்று வாசலில் எழுதியிருக்கும் இடத்தில்.

அந்தச் செடிகளுக்குக் கீழே "காலனியத்தின் வாழும் எச்சங்கள்" என்று வேறு எழுதியிருந்தீர்கள். 1981இல் நட்ட செடிக்கும் வெள்ளைக்காரருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டு ஒதுங்கிவிட மாட்டேன். சம்பந்தம் உண்டு, ஆனால் நீங்கள் சொன்ன விதத்தில் இல்லை. அம்மாயியின் தாத்தா புதுக்கோட்டைப் பக்கமிருந்து ஆள் சேர்க்கும் கங்காணியின் கடன் துண்டோடு கண்டிச் சீமைக்கு, இலங்கை மலைநாட்டுக்கு, போனவர். 1869இல் இலைத்துரு நோய் தாக்கிக் காப்பி அழிந்து, மலையெல்லாம் தேயிலையாகிக்கொண்டிருந்த நாட்டுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்து, அங்கேயே பிறந்தவர்களை நாடற்றவர்களாக்கியது. அம்மாயி அந்த வருசம் பிறந்தவர். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எண்ணிக்கை போட்டார்கள். 1974இல் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் வரிசையில் நின்று, கூடலூருக்கு வந்து சேர்ந்தார். கையில் ஒரு டிரங்குப் பெட்டி, அந்தக் கூடை, அந்த மட்டக்கம்பு. அங்கே இந்தியாக்காரி, இங்கே சிலோன்காரி. ஏழு வருசம் கழித்துச் சொந்தமென்று ஐந்து சென்ட் கிடைத்ததும் அவர் நட்டது தேயிலை. வேறு எதை நடுவார், அவருக்குத் தெரிந்தது அதுதான். அந்தச் செடிகளில் காலனியம் இருக்கிறது, ஒப்பந்தம் இருக்கிறது, ஒரு பெண் முதன்முதலாகத் தனக்கென்று குழி தோண்டிய நாளும் இருக்கிறது. உங்கள் வாசகத்தில் முதலாவது மட்டும்தான் இருந்தது.

குரலைப் பற்றி. இரண்டு நாளில் நான்கு மணி நேரத்துக்கு மேல் பதிவு செய்தீர்கள். நானும் பக்கத்தில் இருந்து என் போனில் கொஞ்சம் பதிவு செய்திருக்கிறேன், அதனால் எது வெட்டுப்பட்டது என்று தெரியும். நீங்கள் எடுத்துக்கொண்டது கொழுந்து கிள்ளும்போது பாடுகிற பாட்டு, மூன்று நிமிடம், மழைச் சத்தத்தோடு. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. வெட்டியதில் இரண்டு விஷயம். ஒன்று, தேயிலை வரிசைகளுக்கு நடுவே தானாக முளைத்ததை அவர் பெயர் பெயராகச் சொன்னது: மணத்தக்காளி, வல்லாரை, பண்ணைக்கீரை, குப்பைமேனி, புளியாரை. எதை மடியில் கட்டி வந்து கடைந்தார்கள், எதைப் பிள்ளைக்குச் சளி பிடித்தால் கசக்கினார்கள், எது எந்த வருசத்தோடு காணாமல் போனது. தாவரங்களும் நினைவும் என்று தலைப்பு வைத்த கண்காட்சிக்கு இதைவிட என்ன வேண்டும்?

இரண்டாவது, அவை ஏன் காணாமல் போயின என்று அவர் சொன்னது. பின்னாளில் கூலிக்குப் போன தனியார் தோட்டங்களில் முதுகில் டேங்க் கட்டிக் களைக்கொல்லி அடித்தார். கையுறை கிடையாது. சேலைத் தலைப்பை மூக்கில் கட்டிக்கொள்வார். டப்பாவில் எழுதியிருந்த பெயரைச் சிறுமியாக நான் எழுத்துக்கூட்டிப் படித்தது நினைவிருக்கிறது: பாராகுவாட். ஒரு மழைக்காலத்தில் அவர் வலது கை நகங்கள் மஞ்சளாகி வரிசையாக உதிர்ந்தன. திரும்ப முளைத்தவை கோணல். உங்கள் பதிவில் அவர் அந்தக் கையைக் காட்டிப் பேசுகிறார். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007 முதல் அந்த மருந்துக்கு அனுமதி இல்லை. இந்தியாவில் இன்னும் அடிக்கிறார்கள். நீங்கள் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோவது பாட்டை மட்டும். அங்கே வருகிறவர்கள் கேட்க வேண்டியது எது என்று நீங்களே சொல்லுங்கள். புரவலர் வரிசையில் தேயிலை விற்கும் நிறுவனம் ஒன்று இருந்ததைப் பார்த்தேன். வெட்டியதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று என் முதல் கடிதத்திலேயே கேட்டேன். உங்கள் பதிலில் அந்தக் கேள்வி மட்டும் தொடப்படவில்லை.

கடைசிச் சுவர். "தேயிலையை வேரோடு அகற்றுவோம், காட்டைத் திருப்பித் தருவோம்." இதை எழுதியவருக்குக் காட்டின் மேல் அக்கறை உண்டு என்று நம்புகிறேன். எனக்கும் உண்டு. எங்களுக்கு வீடு கிடைத்த இடம் பணியர்களும் காட்டுநாயக்கர்களும் குறும்பர்களும் வாழ்ந்த காடு என்பதை நான் வகுப்பில் மறைப்பதில்லை. கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்) மேட்டுப் புல்வெளியைத் தின்றதையும், உண்ணிச்செடி (லான்டானா) எங்கள் பக்கத்துக் காட்டில் மானுக்கும் யானைக்கும் மேய்ச்சல் இல்லாமல் செய்ததையும் கண்ணால் பார்க்கிறேன். காடு திரும்ப வேண்டும். ஆனால் "அகற்றுவோம்" என்ற சொல்லை எங்கள் ஆட்கள் மூன்று தலைமுறையாக வேறு அர்த்தத்தில் கேட்டு வந்திருக்கிறார்கள். 2022இல் அரசுத் தேயிலைத் தோட்ட நிலத்தில் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்கு மாற்ற ஆணை வந்தபோது, தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளில் முதலில் எழுந்த கேள்வி, நம்மை எங்கே போகச் சொல்வார்கள் என்பதுதான். திருநெல்வேலிப் பக்கத்து மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் 1929இல் எழுதிய 99 வருசக் குத்தகை முடிவதற்குள்ளேயே, நான்கைந்து தலைமுறை அந்த மலையில் பிறந்து வளர்ந்தவர்களை இறங்கச் சொல்லியிருக்கிறார்கள். குத்தகை எடுத்தவர்களுக்கு அடுத்த தொழில் இருக்கும். கொழுந்து கிள்ளியவர்களுக்கு? நீதி என்று எழுதும் சுவரில் இந்தக் கேள்விக்கு ஒரு சாண் இடம் இல்லையென்றால், அந்தச் சுவர் யார் பக்கம் பேசுகிறது என்று எங்களுக்குப் புரிவதில்லை.

வேறு வழியில் செய்ய முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். கொங்கோவில், பாமாயில் கம்பெனி ஒரு காலத்தில் லெவர்வில் என்று பெயரிட்ட லுசாங்காவில், தோட்டத் தொழிலாளர்களே கலைஞர் சங்கம் அமைத்துச் சிலை வடிக்கிறார்கள். களிமண்ணில் செய்து கொக்கோவில் வார்த்தெடுத்த சிலைகளை உலகம் வாங்குகிறது. வருகிற பணத்தில் பழைய தோட்ட நிலத்தை வாங்கிக் காடு வளர்க்கிறார்கள். 2024 வெனிஸ் பியென்னாலே கலைக் கண்காட்சியில் நெதர்லாந்தின் அரங்கில் அவர்கள் படைப்புகள் நின்றன. அவ்வளவு தூரம் போவானேன்? நம் நீலகிரிக் காட்டைச் சூழ்ந்த உண்ணிச்செடியின் தண்டை வேகவைத்து, வளைத்து, பெட்டக் குறும்பர்களும் பணியர்களும் காட்டுநாயக்கர்களும் சோளகர்களும் ஆள் உயர யானைகள் செய்கிறார்கள். 2021இல் அந்த யானைகள் லண்டன் பூங்காக்களில் நின்றன, 2024இல் அமெரிக்கக் கடற்கரைக்குப் போயின. காட்டைக் கெடுத்த செடி குறைகிறது, கூலி கைக்கு வருகிறது, எந்தக் கை எந்த யானையைச் செய்தது என்று அந்த ஊர்களுக்குத் தெரியும்.

எனவே கேட்கிறேன். பெட்டிகளை ஆணியடித்து மூடுவதற்கு முன்னால், தேயிலை அறையின் அட்டையில் என் அம்மாயியின் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். எப்படி எழுத வேண்டும் என்று அவரிடமே கேட்டு எழுதுங்கள். விவரநூல் அச்சாகிவிட்டது என்றால் ஒரு திருத்தச் சீட்டு அச்சடித்து ஒவ்வொரு பிரதியிலும் ஒட்டலாம். நான் எண்ணிப் பார்த்தேன், "பெயர் அறியப்படாத" என்ற அட்டை அந்தக் கண்காட்சியில் இன்னும் ஆறு இருக்கிறது. அந்தப் பொருள்களைக் கொடுத்தவர்களின் இரவல் பத்திரங்களும் உங்கள் அலமாரியில்தான் இருக்கும். எடுத்துப் பாருங்கள்.

சுவர் வாசகங்கள் எல்லாவற்றுக்கும் தமிழ் வேண்டும், இனி எந்த ஊருக்குப் போனாலும். "காலனியத்தின் வாழும் எச்சங்கள்" என்ற வரியை நீக்கி, செடிகளை நட்டவர் யார், எந்த வருசம், எங்கிருந்து வந்து நட்டார் என்று எழுதுங்கள். கடைசிச் சுவரை லைன் வீட்டில் இருப்பவர்களும் காட்டின் பழங்குடிகளும் உட்கார்ந்து எழுதட்டும். அதற்கு அவர்களுக்கு, உங்கள் மற்ற எழுத்தாளர்களுக்குக் கொடுப்பது போலவே, சம்பளம் கொடுங்கள். அழைத்தால் நான் வந்து மொழிபெயர்க்கிறேன், எனக்குக் காசு வேண்டாம்.

நான்கு மணி நேரப் பதிவின் முழுப் பிரதியையும் அம்மாயிக்கு அனுப்புங்கள். கீரைகளின் பெயரும் களைக்கொல்லியைப் பற்றிச் சொன்னதும் அறையில் ஒலிக்க வேண்டும், அங்கே வருகிறவர்களுக்குப் புரியும் மொழிபெயர்ப்போடு. அது முடியாதென்றால் பாட்டையும் நிறுத்திவிடுங்கள். தன் குரலில் ஒரு பாதியை மட்டும் கொடுக்க அவர் சம்மதித்ததில்லை. தேயிலை நிறுவனம் பற்றிய என் கேள்விக்கு ஆம் அல்லது இல்லை என்று எழுத்தில் பதில் வேண்டும்.

செடிகளில் ஏதாவது ஒன்றில் பச்சை மிச்சமிருந்தால், இப்போதாவது கவாத்து வெட்டி, தென்மேற்குப் பருவமழை பிடிப்பதற்குள் கூடலூருக்கு அனுப்பி வையுங்கள். குழியை அம்மாயி மூடவில்லை. செத்துவிட்டிருந்தாலும் கட்டையை அனுப்புங்கள். தேயிலைக் கட்டை நன்றாக எரியும், அவருக்கு வெந்நீர் வைக்க ஆகும்.

பெயர் எழுதினால் கூடை உங்களோடு வரட்டும், அவருக்குச் சம்மதம்தான். எழுத மாட்டீர்கள் என்றால் கூடையையும் மட்டக்கம்பையும் இந்த மாதத்துக்குள் திருப்பித் தாருங்கள். எங்கே அனுப்பினாலும், வாய் மேலே பார்த்து இருக்கும்படி கட்டுங்கள். தலைக்கயிற்றை மடிக்காமல் சுருட்டி உள்ளே வையுங்கள். ஐம்பது வருசக் கயிறு, மடித்த இடத்தில் அறுந்துவிடும்.

கூடலூரிலிருந்து,
அவருடைய பேத்தி